நாடகக் கையேடு: அச்சடிப்பதா, அலைபேசியில் கொடுப்பதா? சேலம், ஏற்காடு மேடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாடகம் பார்க்க வருகிறவர் கையில் வாசலில் கொடுக்கும் தாளைச் சிலர் நிகழ்ச்சி நிரல் என்பார்கள், சிலர் புரோகிராம் என்பார்கள், ஊர்ப்பக்கம் நோட்டீஸ் என்றே சொல்லிவிடுவார்கள். இங்கே கையேடு என்று வைத்துக்கொள்வோம். இதை அச்சடிப்பதா, க்யூஆர் கோடு ஒட்டி அலைபேசியில் படிக்க விடுவதா என்ற பேச்சு இப்போது எல்லா நாடகக் குழுக்களிலும் வருகிறது. பெரும்பாலும் கையிருப்புப் பணத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கையேட்டை யார், எப்போது, எந்த வெளிச்சத்தில் படிக்கப்போகிறார்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அச்சா, அலைபேசியா என்பது பாதி முடிவாகிவிடும். மீதியைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பார்வையாளரை எண்ணுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று நேரங்களை எழுதுங்கள்: நாடகத்துக்கு முன், நாடகம் நடக்கும்போது, நாடகம் முடிந்த பிறகு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்போது படிப்பவர் யார், அவருக்கு என்ன தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

முன்னால் வந்து உட்கார்ந்திருப்பவருக்குக் கதைச் சுருக்கமும், நாடகம் எவ்வளவு நேரம், இடைவேளை உண்டா என்பதும் வேண்டும். நாடகம் ஓடும்போது ‘அந்தக் கிழவராக வருவது யார்?’ என்று பெயரைத் தேடுவார். முடிந்த பிறகு வீட்டுக்கு எடுத்துப்போய் வைக்க ஆசைப்படுவார்கள், அதிலும் மேடையில் நின்றவரின் அம்மாவும் அப்பாவும்.

நடுவில் உள்ள நேரத்தில்தான் அலைபேசி தோற்றுப்போகிறது. விளக்கை அணைத்த அரங்கில் ஒரே ஒரு திரை ஒளிர்ந்தாலும் பின்னால் இருக்கும் மூன்று வரிசைக்குக் கண் கூசும். மேடையில் நிற்கும் நடிகருக்கோ இருட்டுக்குள் நீல நிறத்தில் ஒரு முகம் மிதப்பது தெரியும், அந்த முகம் கீழே குனிந்திருப்பதும் தெரியும். அரங்கு முழுக்க இருட்டாகும் நாடகத்துக்குக் கையேட்டை அலைபேசியில் மட்டும் கொடுத்தால், அலைபேசியை எடுக்க நீங்களே அனுமதி தந்ததாக ஆகிவிடும். பிறகு ‘தயவுசெய்து அணைத்துவிடுங்கள்’ என்று மைக்கில் கேட்டுப் பயனில்லை.

தெருக்கூத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. சேலம், மேட்டூர், தருமபுரிப் பக்கத்துக் கூத்து இரவெல்லாம் நடப்பது. களத்தில் வெளிச்சம் இருக்கும், கூட்டமும் எழுந்து போகும், வரும். அங்கே சிக்கல் வேறு. நள்ளிரவுக்குப் பிறகு வருகிறவருக்கு இப்போது கதை எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாது. ஆகவே கூத்துக்கு ஒற்றைத் தாள் போதும். ஒரு பக்கம் கதையைக் கட்டம் கட்டமாக எட்டுப் பத்து வரியிலும், மறுபக்கம் எந்த வேஷம் யார் என்பதையும் போடுங்கள். பாரதக் கதையானால் ஒரு சிறிய வம்ச அட்டவணை சேருங்கள், இளைஞர்களுக்கு அது பெரிய உதவி.

யார் நடிக்கிறார் என்பது என்றைக்கு உறுதியாகும்?

இந்த ஒரு தேதி தெரியாமல் அச்சகத்துக்குப் போகாதீர்கள். அச்சடித்த பின் ஒரு நடிகர் மாறினால் திருத்த வழியில்லை. பேனாவால் அடித்து எழுதினால் அசிங்கம். துண்டுச்சீட்டு செருகினால் பாதி கீழே விழுந்துவிடும். அலைபேசிப் பக்கத்தை மாலை ஐந்து மணிக்குக்கூட மாற்றிவிடலாம்.

நடிகர் பட்டியல் நாடகத்துக்குப் பத்து நாள் முன்பே உறுதியாகும் குழு என்றால் அச்சுக்கு அஞ்ச வேண்டாம். ஒரே நாடகத்தை நான்கு ஊரில் நான்கு நடிகர்களோடு போடும் குழுவும், ஒரு வேடத்துக்கு இரண்டு பேர் மாறி மாறி நடிக்கும் குழுவும் நடிகர் பட்டியலை மட்டும் அலைபேசியில் வைத்துக்கொண்டு மற்றவற்றை அச்சடிக்கலாம். இரண்டு பேர் பெயரையும் அச்சில் போட்டு, ‘இன்று நடிப்பவர்’ என்று வாசலில் ஒரு பலகையில் எழுதி வைப்பது அதைவிட நல்ல வழி. பலகைக்கு சிக்னலும் வேண்டாம், சார்ஜும் வேண்டாம்.

எதை அச்சில் வைப்பது, எதை அலைபேசிக்கு விடுவது

அச்சில் கட்டாயம் இருக்க வேண்டியவை: நாடகத்தின் பெயர், எழுதியவர், மொழிபெயர்ப்பு அல்லது தழுவல் என்றால் மூல ஆசிரியர், இயக்கியவர், மேடைக்கு வரும் வரிசையில் நடிகர்கள், காட்சி நடக்கும் இடமும் காலமும், மொத்த நேரம், இடைவேளை, இசை, ஒளி, ஒப்பனை, உடை, அரங்க அமைப்பு ஆகியவற்றைப் பார்த்தவர்கள், நன்றி. பிறகு தேதி. கிழமையும் தேதியும் போட்டுவிட்டு ஆண்டை விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய. அடுத்த வாரம் படிப்பவருக்கு ஆண்டு தேவையில்லை என்பது சரிதான். ஆனால் நாற்பது ஆண்டு கழித்து அந்தத் தாள் ஒருவர் கையில் கிடைத்தால், ஆண்டு இல்லாமல் அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரியாது.

அலைபேசிக்கு விடக்கூடியவை: இயக்குநரின் நீண்ட குறிப்பு, நடிகர்களைப் பற்றிய அறிமுகம், ஒத்திகைப் படங்கள், பாடல் வரிகள், நாடகம் பிறந்த சூழல், அடுத்த நிகழ்ச்சி விவரம், நன்கொடைக்கான வழி. இவற்றை அச்சிலும் போட ஆசைப்பட்டுத்தான் நான்கு பக்கக் கையேடு பதினாறு பக்கமாக வீங்குகிறது. கடைசியில் எழுத்தின் அளவை எட்டுப் புள்ளிக்கு (பாயிண்ட்) சுருக்கி யாராலும் படிக்க முடியாமல் செய்துவிடுகிறார்கள்.

விளம்பரம் கொடுப்பவர்களை மறக்காதீர்கள். கொலுசுக் கடையோ, ஜவுளிக் கடையோ, ஜவ்வரிசி ஆலையோ, பணம் கொடுத்தவருக்குத் தன் விளம்பரம் வந்த தாள் கையில் வேண்டும். அதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைப்பார், கணக்கிலும் சேர்ப்பார். ‘அலைபேசியில் போட்டிருக்கிறோம் அண்ணா’ என்றால் அடுத்த ஆண்டு பாதிதான் தருவார். ஒவ்வொரு விளம்பரதாரருக்கும் இரண்டு பிரதி ஒதுக்கி, நாடகம் முடிந்த மறுநாளே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மேடை எங்கே இருக்கிறது?

சேலம் நேரு கலையரங்கம் போன்ற நகர அரங்குக்கு எங்கள் பரிந்துரை இரண்டும் கலந்த முறை. ஒரு ஏ4 தாளை நடுவில் மடித்து நான்கு பக்க அச்சுக் கையேடு, அதன் கடைசிப் பக்கத்தில் ஒரு க்யூஆர் கோடு. அச்சில் இருப்பதே நாடகம் பார்க்கப் போதுமானதாக இருக்க வேண்டும். கோடு என்பது மேலும் படிக்க விரும்புகிறவருக்கான கதவு.

ஏற்காட்டில் நிலைமை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனபின் ஊருக்கு ஊர் சிக்னல் மாறும். ஒரு நிறுவனத்தின் அலைபேசி கிடைக்கும் இடத்தில் இன்னொன்று கிடைக்காது. மேகம் இறங்கி மழை பிடித்தால் மின்சாரமும் போகலாம், அப்போது அரங்கின் வைஃபையும் கூடவே போகும். அங்கே இணையத்தை நம்பிக் கையேடு தயாரிக்காதீர்கள். அச்சில் முழுமையாகக் கொடுங்கள். அலைபேசிக்கென்று ஒரு பிரதியை முந்தின நாளே வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக அனுப்பிவிடுங்கள். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாமலும் திறக்கும். அது கீழே சேலத்தில் இருக்கும்போதே அவர்கள் கையில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளிகளின் ஆண்டு விழா நாடகங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பெற்றோர் வெளியூரிலிருந்தும் வெளி மாநிலத்திலிருந்தும் வருவார்கள், ஆகவே கதைச் சுருக்கமாவது இரண்டு மொழியில் இருக்கட்டும். பிள்ளைகளின் முழுப் பெயர், வகுப்பு, படம் மூன்றையும் சேர்த்துத் திறந்த இணையப் பக்கத்தில் போடாதீர்கள். அந்த விவரங்கள் அச்சுத் தாளில் இருக்கட்டும். இணையத்தில் பெயர் மட்டும் போதும், அதையும் பெற்றோரைக் கேட்டுப் போடுங்கள்.

எத்தனை பிரதி?

குடும்பமாக வருகிறவர்கள் ஒன்றை மூன்று பேர் பார்ப்பார்கள், தனியாக வருகிறவர் ஒன்று எடுப்பார். எதிர்பார்க்கும் கூட்டத்தில் பாதி, நடிகர் மற்றும் உழைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று, விளம்பரதாரருக்கு ஆளுக்கு இரண்டு, இருப்புக்குப் பத்து என்று கூட்டுங்கள். 400 பேர் வரும் நாடகம், 30 பேர் குழு, 8 விளம்பரம் என்றால் 200 + 30 + 16 + 10 = 256. இதை 260 ஆக வைத்துக்கொள்ளலாம். பள்ளி நாடகத்துக்கு மட்டும் பாதி போதாது. ஒவ்வொரு பெற்றோரும் ஒன்று கேட்பார்கள், தாத்தா பாட்டிக்கும் ஒன்று கேட்பார்கள்.

இப்போது அச்சு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். டிஜிட்டல் பிரிண்டில் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரே விலை, முன்செலவு இல்லை. ஆஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) போடவும் இயந்திரம் ஓட்டி மை சரிபார்க்கவும் ஒரு நிலையான செலவு உண்டு, அதன் பிறகு பிரதி மலிவு. எது லாபம் என்பதைக் கணக்கிட எளிய வழி: நிலையான செலவை, இரண்டு முறைகளின் பிரதி விலை வித்தியாசத்தால் வகுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு எண்களை வைத்துப் பார்ப்போம், உங்கள் அச்சகம் சொல்லும் விலையை இதில் மாற்றிக்கொள்ளுங்கள். டிஜிட்டலில் பிரதி 14 ரூபாய். ஆஃப்செட்டில் நிலையான செலவு 4,200 ரூபாய், பிரதி 3.50 ரூபாய். 4,200 ஐ 10.50 ஆல் வகுத்தால் 400. அதாவது 400 பிரதிக்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். நம்முடைய 260 பிரதிக்கு டிஜிட்டலில் 3,640 ரூபாய் ஆகும், ஆஃப்செட்டில் 5,110. அதுவே 800 பிரதி என்றால் டிஜிட்டல் 11,200, ஆஃப்செட் 7,000.

கையில் காசு மிகவும் குறைவு என்றால் வெளிர் மஞ்சள் தாளில் கருப்பு மை மட்டும் வைத்து, நகலெடுக்கும் காப்பி பிரிண்டரில் ஓட்டலாம். நோட்டீஸுக்கு வழக்கமாக எடுக்கும் அடர் ரோஸ், பச்சைத் தாள்களைத் தவிருங்கள். மங்கலான வெளிச்சத்தில் கருப்பு எழுத்து அவற்றில் கரைந்துபோகும்.

தாளும் அளவும்

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகத்தான் வரும்: 4, 8, 12, 16. பத்துப் பக்கம் எழுதிக் கொண்டுபோனால் இரண்டு பக்கம் காலியாக நிற்கும், அல்லது அச்சகத்தில் ஏதாவது ஒரு பூவைப் போட்டு நிரப்புவார்கள். ஏ4 தாளை மடித்தால் கிடைக்கும் ஏ5 அளவு (148 × 210 மில்லிமீட்டர்) கைக்கு அடக்கமானது. டெம்மி எட்டில் ஒன்று (டெம்மி என்ற பெரிய அச்சுத் தாளை எட்டாக்கினால் வரும் அளவு, சுமார் 5.5 × 8.5 அங்குலம்) கிட்டத்தட்ட அதே அளவுதான், ஆஃப்செட்டில் தாள் வீணாகாமல் வெட்டலாம்.

உள்பக்கத்துக்கு 80 அல்லது 90 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேப்லித்தோ என்னும் பளபளப்பில்லாத தாளை எடுங்கள். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் படங்கள் அழகாக வரும், ஆனால் நாடகத்துக்கு இரண்டு கெடுதல். மேடை வெளிச்சம் பட்டால் மினுங்கிக் கண்ணில் அடிக்கும். பக்கம் திருப்பினால் சலசலக்கும், அமைதியான காட்சியில் இருபது பேர் ஒரே நேரத்தில் திருப்பினால் மேடை மைக்கே பிடித்துவிடும். அட்டை தனியாக வேண்டுமென்றால் 170 ஜிஎஸ்எம் போதும், ஆனால் மடிப்புக்கு முன் கிரீஸிங் (மடிக்கும் இடத்தில் அழுத்திய பள்ளக் கோடு) போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் டிஜிட்டல் பிரிண்டின் டோனர் (மைத்தூள்) மடிப்பில் வெடித்து வெள்ளைக் கோடு விழும். அட்டையில் அடர் நிறம் வைத்திருந்தால் அந்தக் கோடு இன்னும் பளிச்சென்று தெரியும்.

லேமினேஷன் வேண்டாம். ஓர் இரவுக்கான தாள் அது. பிளாஸ்டிக் ஒட்டிவிட்டால் பழைய தாளாகக்கூட மறுசுழற்சிக்குப் போகாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் கையேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கும் யோசனையும் வேண்டாம்.

மலைக்கு எடுத்துப்போகும் தாளுக்குத் தனிக் கவனம் தேவை. ஈரக்காற்றில் தாள் சுருளும், ஒன்றோடொன்று ஒட்டும். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த பிரதியில் ஈரக் கை பட்டால் மை பரவிவிடும். லேசர், ஆஃப்செட் இரண்டுக்கும் அந்தப் பயம் குறைவு. ஆஃப்செட்டில் அடித்த தாளை அன்றே கட்டுக் கட்டினால் மை பின்பக்கத்தில் ஒட்டும், ஓர் இரவாவது உலரவிடச் சொல்லுங்கள். ஐம்பது ஐம்பதாகக் கட்டி, செய்தித்தாளில் சுற்றி, மூடியுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து ஏற்றுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒன்று 5 கிராம் இருக்கும், 260 பிரதி 1.3 கிலோதான். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுபோகலாம்.

தமிழ் எழுத்துரு: அச்சகத்தில் அதிகம் கெடும் இடம்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். கையேட்டில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன.

நீங்கள் அலைபேசியில் தட்டி அனுப்பும் தமிழ், எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கும். பல அச்சகங்களின் டிடிபி (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளிலும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலும் ஓடுகிறது. யூனிகோடை அங்கே நேரடியாக ஒட்டினால் கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும். ஆகவே எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டு மாற்றுவார்கள், அல்லது மறுபடி தட்டச்சு செய்வார்கள். மாற்றும்போது ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறும். ‘கோ’ என்பது ‘கே’ என்றும் தனியே ஒரு காலாகவும் பிரியும். ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ காணாமல் போகும். ஔகாரத்தின் பின்பகுதி ‘ள’ ஆகத் தங்கிவிடும். ‘கௌதமன்’ என்ற பெயரை இந்த நோக்கில் ஒருமுறை சரிபாருங்கள். மறுபடி தட்டச்சு செய்தால் ‘ன’ ‘ண’, ‘ர’ ‘ற’, ‘ல’ ‘ள’ ‘ழ’ தடுமாறும்.

அச்சகத்தில் இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருள் இருந்தால் யூனிகோடிலேயே வேலை செய்யச் சொல்லுங்கள். அதில் பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எல்லாவற்றையும்விடப் பத்திரமான வழி, நீங்களே பக்கத்தை அமைத்து, எழுத்துரு உட்பொதிந்த பிடிஎஃப் ஆகக் கொடுப்பது.

எழுத்தின் அளவு 12 புள்ளிக்குக் குறையக் கூடாது, நடிகர் பட்டியல் 13 ஆக இருந்தால் நல்லது. தமிழில் ஒரு எழுத்துக்குள் வளைவுகள் அதிகம். ஆங்கிலத்துக்குப் போதும் அளவு தமிழுக்குப் போதாது. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட ஆசைப்பட்டால் 14 புள்ளிக்கு மேல், தடித்த எழுத்தில் போடுங்கள். சிறிய வெள்ளை எழுத்தில் மை நாலாபக்கமும் கசிந்து மெய்யெழுத்தின் புள்ளியை மூடிவிடும். ‘க்’ என்பது ‘க’ ஆகிவிட்டால் ‘பக்தன்’ ‘பகதன்’ ஆகிவிடுவான். கருப்பு எழுத்தைக் கருப்பு மையில் மட்டும் அச்சிடச் சொல்லுங்கள். நான்கு நிறங்களைக் கலந்த கருப்பு என்றால், பிளேட் நூலிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் தெரியும்.

படங்களுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கு. ஓர் அங்குல அகலமுள்ள முகப்படத்துக்கு 300 பிக்சல் போதும், வாட்ஸ்அப்பில் வந்த படமே அதற்குத் தாங்கும். முழுப்பக்க அட்டைப் படத்தை மட்டும் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அட்டைப் படம் ஓரம் வரை வருமானால் நாலாபக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள், எழுத்து எதுவும் வெட்டுக் கோட்டுக்கு 5 மில்லிமீட்டருக்குள் வரக் கூடாது.

பெயர்களைச் சரிபார்த்தல்

புரூஃபை (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) ஒத்திகைக்குக் கொண்டுபோங்கள். ஒவ்வொருவரும் தன் பெயரைப் படித்து அதன் பக்கத்தில் கையெழுத்துப் போடட்டும். முன்னெழுத்து முன்னால் வேண்டுமா, பின்னால் வேண்டுமா, தமிழிலா, ‘ஜி’, ‘எஸ்’ என்றா என்று அவர்களே சொல்லட்டும். நாற்காலி தூக்கியவர், விளக்குக் கம்பி இழுத்தவர், டீ வாங்கி வந்தவர் பெயரெல்லாம் பட்டியலில் இருக்கிறதா என்று மேடை மேலாளரைக் கேளுங்கள். நடித்தவருக்குக் கைதட்டலாவது கிடைக்கும். பின்னால் நின்றவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான், அதையும் பிழையாகப் போட்டால் மனது ஆறாது.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: நாடகத்துக்கு 21 நாள் முன்பு விவரம் திரட்டத் தொடங்குங்கள். 14 நாள் முன்பு எழுத்து முடிவாகட்டும், 10 நாள் முன்பு முதல் புரூஃப், 7 நாள் முன்பு கையெழுத்துப் புரூஃப், 5 நாள் முன்பு அச்சு, 3 நாள் முன்பு மடிப்பும் பின் அடிப்பும். ஆடி மாதத்தில் நாடகம் என்றால் இதோடு ஒரு வாரம் கூட்டுங்கள். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிச் சேலம் முழுக்கக் கோயில் நோட்டீஸ் வேலை குவிந்திருக்கும். முகூர்த்த மாதங்களில் கல்யாணப் பத்திரிகை வேலையும், ஆண்டுக் கடைசியில் காலண்டர் வேலையும் அப்படித்தான்.

அலைபேசிப் பக்கம் தயாரித்தல்

அச்சுக்குச் செய்த ஏ5 பிடிஎஃபை அப்படியே ஏற்றிவிட்டுக் ‘டிஜிட்டல் கையேடு’ என்று சொல்லாதீர்கள். இரண்டு விரலால் விரித்து, இடமும் வலமும் தள்ளிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஒரே பத்தியாகக் கீழே இறங்கும் எளிய பக்கம் செய்யுங்கள். கருப்புப் பின்னணி, சற்று மங்கிய வெள்ளை எழுத்து வையுங்கள், அரங்குக்குள் திறந்தாலும் ஒளி குறைவாக இருக்கும். மேலே முதலில் நடிகர் பட்டியல், பிறகு மற்றவை. மொத்தப் பக்கமும் படங்களோடு சேர்த்து 1 எம்பிக்குள் அடங்கட்டும். நாடகம் தொடங்கும் முன் 200 பேர் ஒரே அலைபேசிக் கோபுரத்திலிருந்து ஒரே நேரத்தில் திறப்பார்கள். 20 எம்பி பிடிஎஃப் என்றால் பாதிப் பேருக்குச் சுற்றிக்கொண்டே நிற்கும்.

எழுத்தை எழுத்தாகவே போடுங்கள், படமாகப் போடாதீர்கள். பார்வைக் குறைபாடு உள்ளவரின் அலைபேசி யூனிகோடு தமிழை வாய்விட்டுப் படித்துக் காட்டும். படத்துக்குள் இருக்கும் தமிழையும், பாமினியில் செய்த பிடிஎஃபையும் அதனால் படிக்க முடியாது. அலைபேசிக் கையேடு அச்சை உண்மையாகவே மிஞ்சும் இடம் இதுதான், அதைக் கோட்டை விடாதீர்கள். இதற்கு இணையாக அச்சிலும் 18 புள்ளி எழுத்தில் பத்துப் பிரதி ஏ4 தாளில் எடுத்து வாசலில் வையுங்கள், மூத்தவர்கள் கேட்டு வாங்குவார்கள்.

கூகுள் டிரைவில் வைத்தால் ‘இணைப்பு உள்ள எவரும்’ பார்க்கலாம் என்று அனுமதியை மாற்ற வேண்டும். மாற்றியாகிவிட்டதா என்பதை உங்கள் அலைபேசியில் சோதிக்காதீர்கள், உங்களுக்கு எப்போதும் திறக்கும். குழுவில் இல்லாத ஒருவரின் அலைபேசியில், வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

க்யூஆர் கோடு எப்படிக் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் முகவரி நீளமானால் கட்டங்கள் பொடியாகும். 25 எழுத்துள்ள குறு முகவரி 25 × 25 கட்டத்தில் அடங்கும். டிரைவின் 80 எழுத்து முகவரிக்கு 37 × 37 வேண்டும். 3 சென்டிமீட்டர் அகலத்தில் முதலாவதில் ஒரு கட்டம் 1.2 மில்லிமீட்டர், இரண்டாவதில் 0.8 தான். பழைய அலைபேசியின் கேமரா இங்கேதான் திணறும். ஆகவே முகவரியைச் சுருக்குங்கள். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள், அதில் எழுத்தோ பூவோ வரக் கூடாது. வெள்ளையில் கருப்பாகவே இருக்கட்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு: படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. கையில் 30 சென்டிமீட்டரில் பிடிக்கும் தாளுக்கு 3 சென்டிமீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் வாசல் பலகைக்கு 15. இலவசச் சேவைகளில் செய்யும் ‘டைனமிக்’ கோடுகள் (அந்தச் சேவையின் வழியாக உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுபவை) சில நாளில் காலாவதியாகி, நாடகத்தன்று விளம்பரப் பக்கத்துக்குக் கூட்டிப்போகும். நேரடி முகவரி உள்ள நிலையான கோடே போதும். பக்கத்தின் உள்ளடக்கத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கோடு மாறாது. எதையும் ஆயிரம் பிரதி அடிக்கும் முன், அதே தாளில் ஒரு பிரதி எடுத்து மூன்று வெவ்வேறு அலைபேசிகளில் ஸ்கேன் செய்து பாருங்கள்.

நாடகத்தன்று

க்யூஆர் கோட்டை வெளிச்சமான இடத்தில் வையுங்கள்: டிக்கெட்டில், வாசல் பலகையில், காத்திருக்கும் கூடத்தில். இருட்டிய அரங்குக்குள் நாற்காலி முதுகில் ஒட்டினால் கேமரா குவியாது, டார்ச் போடுவார்கள். அலைபேசிப் பக்கத்தின் தலைப்பிலேயே ‘முதல் மணி அடித்ததும் அலைபேசியை மூடிவிடுங்கள்’ என்று எழுதுங்கள். அச்சுப் பிரதியை நாற்காலியில் வைக்காதீர்கள், உட்காரும்போது பாதி கீழே போகும். வாசலில் இரண்டு பேர் நின்று கையில் கொடுக்கட்டும், ‘எத்தனை பேர் வந்திருக்கிறீங்க?’ என்று கேட்டுக் கொடுத்தால் வீணாவது குறையும். கடைசி நேரத்தில் நடிகர் மாறியிருந்தால் அலைபேசிப் பக்கத்தையும் வாசல் பலகையையும் மாற்றி, தொடக்க அறிவிப்பிலும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

வெளியேறும் வழியில் ஓர் அட்டைப்பெட்டி வைத்து, வேண்டாதவர்கள் கையேட்டைப் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஏற்காட்டில் இது கட்டாயம். காற்றில் பறக்கும் தாள் காப்பித் தோட்டத்துக்குள்ளேதான் போய் விழும். நல்ல நிலையில் திரும்பியவை மறுநாள் காட்சிக்கு ஆகும்.

முடிந்த பிறகு

அலைபேசிப் பக்கத்தை நடத்தும் சேவைக்குப் பணம் கட்ட மறந்தால் அடுத்த ஆண்டே அது இருக்காது. பக்கத்தை முழுதாக ஒரு பிடிஎஃப் ஆக்கி, குழுவில் மூன்று பேரிடம் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப் பிரதியில் ஐந்தை மடிப்பில்லாமல் எடுத்து வையுங்கள். நாடக நோட்டீஸ், துண்டறிக்கை போன்றவற்றையும் சேர்த்துப் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் உள்ளன. ஒரு பிரதியை எடுத்துக்கொள்வார்களா என்று எழுதிக் கேளுங்கள். மற்ற நான்கையும் பழுப்பு உறையில் போட்டு, பின்னைக் கழற்றிவிட்டு (அது துருப்பிடித்துத் தாளைத் தின்னும்), உறையின் மேல் நாடகத்தின் பெயர், அரங்கு, ஊர், நாள், மாதம், ஆண்டு அனைத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள்.